யூல் ரொட்டி கேட்டவள்

எல்ஸ்பெத் மைர் நெருப்புக்குப் பயந்தவள் அல்ல. இருபது வருடமாகத் துறைமுகத் தெருவில் ரொட்டி சுடுகிறவள்; முழங்கைத் தழும்பைக் காட்டிச் சிரிப்பாள். அவள் பயந்ததெல்லாம் ஊர்த் திருச்சபைக்குத்தான். யார்தான் பயப்படவில்லை? ஜேம்ஸ் அரசரின் ஸ்காட்லாந்தில் போப்பின் பழைய மதத்துக்கு இடமில்லை. கிறிஸ்து பிறந்த யூல் திருநாளும் அந்த மதத்தின் மிச்சம்தான் என்று சபை முடிவு கட்டிவிட்டது. அன்று விருந்து கூடாது, பாட்டு கூடாது, வேலைக்குப் போகாமல் இருக்கவும் கூடாது. அந்த டிசம்பரில் புதிதாக ஒன்று சேர்ந்தது: யூல் ரொட்டி கேட்டு யார் வந்தாலும் ரொட்டிக்காரர்களே சபையில் பெயர் சொல்ல வேண்டும். மறைத்தால் அடுப்பை இடித்துவிடுவார்கள். ஆண்டவரைக் கும்பிட இத்தனை ஒற்றர்கள் எதற்கு என்று கேட்க ஊரில் ஒரு வாய் இல்லை.

யூல் ரொட்டி பெரிய பலகாரமும் அல்ல. சீரகம் போட்ட வட்ட ரொட்டி, ஓரத்தைச் சுற்றிலும் விரலால் கிள்ளியிருக்கும். வீட்டில் எத்தனை உயிரோ அத்தனை ரொட்டி. உடையாமல் வெந்தால் அந்த உயிருக்கு வருடம் முழுக்க ஆபத்தில்லை.

பக்கத்து வீட்டு ஜோனெட் டல்லோ விதவை. ஒரே மகன் ஆண்ட்ரோ ஆகஸ்டில் கப்பல் ஏறிப் போனவன், சேதி இல்லை. அவள்தான் வந்து நின்றாள்.

"ரெண்டே ரெண்டுடி. எனக்கொண்ணு, அவனுக்கொண்ணு."

"என் அடுப்ப இடிக்க வைக்கப் பாக்கறியா அக்கா?"

"அவனுக்குச் சுடாம விட்டா, நானே அவனச் செத்தவன்னு சொன்ன மாதிரி ஆயிடும்டி."

எல்ஸ்பெத் திட்டிக்கொண்டே சுட்டாள். இரண்டும் உடையாமல் வந்தன. ஜோனெட் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு போனாள். அந்த நிமிடத்திலிருந்து எல்ஸ்பெத்துக்கு யாரைப் பார்த்தாலும் ஒற்றராகத் தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அப்படித்தான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே மாவில் கை நின்றுவிடும். சீரக வாசனை போகட்டும் என்று கடையை மூன்று முறை கழுவினாள்.

மூன்றாம் நாள் காலை சபை மூப்பர் காவின் ஸ்ட்ராகன் உள்ளே வந்தார். பனியில் விறைத்த கையைத் தேய்த்துக்கொண்டே அலமாரியைப் பார்த்தார்.

"எல்ஸ்பெத், உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"ஜோனெட் டல்லோங்க ஐயா! ரெண்டே ரெண்டுதான்! நான் வேணாம்னுதாங்க சொன்னேன்!"

மூப்பர் விழித்தார்.

"நேத்து வாங்கின ரொட்டி அடியில கருகியிருந்துச்சு. அதக் கேக்கத்தான் வந்தேன்" என்றார். பிறகு திரும்பி, கதவை மெதுவாகச் சாத்தினார். "சொல்லு. என்ன ரெண்டு?"

அன்று மதியமே ஜோனெட் வீட்டில் சோதனை நடந்தது. பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்திருந்த ஆண்ட்ரோவின் ரொட்டியை, அவள் கதறக் கதற, மூப்பர் காலால் மிதித்து நொறுக்கினார். தண்டனையாக அவளை மூன்று ஞாயிறு கோணிச் சட்டை போட்டு, ஆலயத்தில் அத்தனை பேர் முன்னாலும் மனந்திரும்பும் முக்காலியில் உட்கார வைத்தார்கள். எல்ஸ்பெத்தை மேடையிலிருந்தே விசுவாசமுள்ள மகள் என்று புகழ்ந்தார்கள். அதைக் கேட்பதற்குப் பதில் கன்னத்தில் இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

அடுப்பு பிழைத்தது. வியாபாரமும் குறையவில்லை. ஆனால் பெண்கள் அவளுடைய கடைக்குள் காலெடுத்து வைத்ததுமே தங்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வாங்கியதும் போய்விடுவார்கள்.

பிப்ரவரியில் வெளிநாட்டுக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்தது. மறுநாள் ஜோனெட் ரொட்டிக்கு வந்தாள். வேறு கடை தூரம், அவளுக்குக் கால் வலி. எல்ஸ்பெத் நல்லதாக ஒரு ரொட்டியைப் பொறுக்கி நீட்டினாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்ததை மட்டும் கேட்டாள்.

"ஆண்ட்ரோ பத்தி ஏதாச்சும் சேதி வந்துச்சா அக்கா?"

ஜோனெட்டின் கை ரொட்டியின் மேல் அப்படியே நின்றது. கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா" என்றாள்.