முதற்கையைக் கொடுத்து வாங்கிய மேஸ்திரி

தோற்பவர்க்குச் சலுகை அளிக்கும் வழக்கம் உலகில் வேறெங்கும் உண்டோ, அறியேன். கச்சிராயபாளையத்தைச் சுற்றியிருந்த ஆறு ஊர்க் கபடி அணிகளுக்குள் அஃது இருந்தது. கார்த்திகையில் ஒரு ஞாயிறன்று கல்வராயன் மலையிலிருந்து இளைஞர்கள் இறங்கி வந்து, கோமுகி அணையை அடுத்த திடலில் ஆடிக்காட்டுவார்கள். ஆறு அணிகளும் முறைவைத்து அணிக்கு ஒருவரைத் தேர்ந்துகொள்ளும். முந்தைய ஆண்டில் கடைசி இடம் பெற்ற அணியே முதலில் கைகாட்டும். அவ்வுரிமைக்கு முதற்கை என்று பெயர். நான்காண்டுகளாக அதனை வேறெவர்க்கும் விட்டுக்கொடாமல் காத்து வந்தவர்கள் நாங்கள்.

நாங்கள் என்று நான் சொல்வது ஆட்டக்காரர்களை அன்று. பேருந்து நிலையத்துத் தேநீர்க்கடையில் நாள்தோறும் கூடி, ஆட்டக்காரர்கள் செய்திருக்கவேண்டியதை அவர்களுக்கு எடுத்துரைக்கும் பதின்மூவர் கழகம் அது. பன்னிருவர் கரும்பு பயிரிடுபவர்கள். பதின்மூன்றாமவனாகிய நான் தமிழாசிரியன். எதிர்க்களத்துக்குள் ஒருமுறையேனும் மூச்சடக்கிப் பாடிச் சென்றவன் அல்லன். ஆகவே ஆட்டத்தைப் பற்றி என்னிடம் உறுதியான கருத்துகள் நிரம்ப இருந்தன.

அந்த ஆண்டு மலையில் ஒரு பிள்ளை உருவாகியிருந்தார். எவர் பாடி வந்தாலும் கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டார் என்ற பேச்சு, அவர் இறங்கி வருமுன்பே அடிவாரம் முழுதும் இறங்கிவிட்டது. முதற்கை எங்களுடையது, எனவே அவரும் எங்களுடையவர் என்றிருந்தோம். அப்போதுதான் மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்து அணி ஒன்று தூது விட்டது. இந்த ஆண்டு முறையையும் அடுத்த ஆண்டு முறையையும் கொடுத்துவிட்டால், தை மாதப் போட்டிக்குத் தங்கள் முதன்மை ஆட்டக்காரரைத் தருவதாகச் சொன்னார்கள். சித்திரைப் போட்டிகளில் அவர் பாடிச் சென்று நால்வரைச் சாய்த்து மீண்டதை நாங்கள் அனைவரும் கண்டிருந்தோம். கரும்பு வெட்டும் ஆள்களுக்கு அவர் மேஸ்திரி.

எங்கள் அணித்தலைவர் நகரப் பேருந்தின் நடத்துநர். இந்தப் பேரம் படியவேண்டும் என்பதில் அவருக்கு இருந்த வேட்கை வேறெவர்க்கும் இல்லை.

"எனக்கு முப்பத்தஞ்சி ஆவுது. வூட்ல சொல்லிட்டாங்க, இந்தத் தையோட நிறுத்திடணும்னு. ஒரு தபா கோப்பைய எடுத்துட்டு நிறுத்தறேன். அவ்ளோதான் கேக்கறேன்."

"வெதக் கரும்ப ஜூஸ் புழிஞ்சி குடிக்கச் சொல்றீங்க, கண்டக்டரே," என்றார் டிராக்டர்க்காரர். கழகத்தில் அவருக்கே நிலம் மிகுதி, குரலும் அவ்வாறே.

"இன்னாண்ணா வெத? நாலு வருசமா நட்டுக்கினேதான் இருக்கோம். மொளச்சதெல்லாம் திருப்பூருக்கு பஸ் ஏறிப் போய்க்கினு இருக்குது. நானே டிக்கெட் கிழிச்சிக் குடுக்கறேன்."

"அந்த ஆளுக்கும் முப்பத்தாறு. ரெண்டு பேரையும் கூட்டினா எழுவத்தொண்ணு. கபடிக்குப் போறீங்களா, பென்சன் வாங்கப் போறீங்களா?"

"முட்டி எப்டி இருக்குதாம்?" என்றார் ஒருவர்.

முழங்காலைப் பற்றி மட்டும் மூன்று நாள் பேசினோம். அவரையே வரவழைத்து, மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பதுபோல் உட்காரவைத்து எழுப்பிப் பார்த்தோம். அவரும் சிரித்துக்கொண்டே பத்துமுறை உட்கார்ந்து எழுந்தார். தோள், மூச்சு, தூக்கம், குடிப்பழக்கம் என்று ஒன்றும் விட்டுவைக்கவில்லை. வாக்கெடுப்பில் ஆறுக்கு ஆறு என்று நின்றது. என் வாக்கு எஞ்சியிருந்தது. தொலைநோக்கைப் பற்றி வகுப்பில் பலமுறை சொற்பொழிவாற்றிய நான், கோப்பையை ஒருமுறை கண்ணால் காணும் ஆசையில் நடத்துநர் பக்கம் கை தூக்கினேன்.

அந்த அணியினர் தம் முதன்மை ஆட்டக்காரரைத் தர ஏன் தாமே முன்வந்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. தை மாதம் கரும்பு வெட்டும் காலம். வெட்டு மேஸ்திரி ஒருவருக்குத் தையில் ஓய்வு இராது என்பது, தம் வயலுக்கு வெட்டு உத்தரவு எப்போது வரும் என்று சர்க்கரை ஆலையைப் பார்த்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்த பன்னிரண்டு கரும்பு விவசாயிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

போட்டிக்கு நான்கு நாள் முன்பு உத்தரவு வந்தது. வெட்டவேண்டிய நாள், போட்டி நடக்கும் அதே ஞாயிறு. ஆள்கள், எங்கள் மேஸ்திரியின் ஆள்கள். வயல், டிராக்டர்க்காரருடையது.

நடத்துநர் அவரிடம் ஓடினார். "ஒரே ஒரு நாளு தள்ளிப் போடுங்கண்ணா."

"உங்க அஞ்சரை வண்டிய ஏழுக்கு எடுக்கறீங்களா? முறைய வுட்டா இன்னும் ஒரு மாசம் கொல்லியில நின்னு காயும். எட கம்மியாப் போவும்."

மேஸ்திரியிடம் போனோம். "ஆளுங்கள வுட்டுட்டு நான் ஆடப் போனா, நாளைக்கு எவன் எங்கூட வருவான்? மூணு மணிக்குள்ள வெட்டி முடிஞ்சா வரேன்," என்றார்.

முடிப்பதற்குத் துணையாக நாங்களே வெட்டுவதென்று கழகம் தீர்மானித்தது. ஞாயிறு விடியலில் ஆட்டக்காரர் எழுவரும் கழகத்தாரும் அரிவாளோடு வயலில் இறங்கினோம். கரும்பு பயிரிடுபவர்கள் அதனை வெட்டுவித்தே பழகியவர்கள் என்பது ஒரு மணி நேரத்தில் விளங்கியது. நானோ முழங்கால் உயரத்தில் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"வாத்தியாரே, அடியிலதான் சக்கர இருக்குது. அத மண்ணுல வுட்டுட்டு சோகைய ஆலைக்கு அனுப்பறீங்களா?" என்றார் டிராக்டர்க்காரர்.

மேஸ்திரி எங்கள் பின்னாலேயே குனிந்து வந்து, நாங்கள் விட்ட அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாக மண்ணொட்ட மறுபடி வெட்டினார். எங்கள் உதவி இல்லாதிருந்தால் வேலை நண்பகலுக்கே முடிந்திருக்கும் என்று பிறகு அவருடைய ஆள்கள் சொன்னார்கள். மேஸ்திரி அதை மறுக்கவில்லை.

ஒருவழியாக மூன்று மணிக்கு முடித்து, டிராக்டரில் ஏற்றிய கரும்புச் சுமையின்மேல் அமர்ந்து திடலுக்குப் போய் இறங்கினோம். முதல் ஆட்டமே, எங்கள் முதற்கையை வாங்கி மலைப்பிள்ளையைத் தேர்ந்துகொண்ட அணியோடு. தோற்றால் அத்தோடு வெளியே. எங்கள் எழுவர் கைகளிலும் கரும்பிலைச் சோகை கிழித்த கோடுகள். வியர்வை பட்டதும் தீயாய் எரிந்தன. எதிராளி பாடி வரும்போது அவரைப் பிடிக்கவேண்டியவர்கள், தொட அஞ்சி வழிவிட்டு நின்றார்கள். மேஸ்திரி இருமுறை பாடிச் சென்றார். இருமுறையும் தம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். அவர் முழங்காலில் மட்டும் யாதொரு குறையும் இல்லை.

கடைசிப் பாட்டுக்கு நடத்துநரே போனார். மூன்று பேரைத் தொட்டு மீண்டால் வெற்றி. மூவரையும் தொட்டுவிட்டார். கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் மலைப்பிள்ளை அவர் கணுக்காலைப் பிடித்தார். நீட்டிய விரல் கோட்டை எட்டுமுன் மூச்சு தீர்ந்தது.

பிள்ளையே கைகொடுத்து எழுப்பினார். "அடி பட்டுச்சாண்ணா? என்னைய நீங்கதான் எடுப்பீங்கன்னு இருந்தேன். உங்க பஸ்ஸுலதான் ஏறி எறங்கறேன். அவங்க ஊருக்குன்னா ரெண்டு பஸ்ஸு மாறணும்."

நடத்துநர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். கருத்துகளுக்குக் குறைவில்லாத கழகத்தார் பதின்மூவரும் அப்போது தத்தம் கையிலிருந்த கீறல்களை எண்ணிக்கொண்டிருந்தோம். கூட்டத்தோரம் அவர் மனைவி தண்ணீரோடு நின்றிருந்தார்.

"கோப்பைய எடுத்துட்டு நிறுத்தலாம்னு பாத்தேன்," என்றார் நடத்துநர்.

"அத அவங்க எடுத்துக்கினு போவட்டும். நீங்க நிறுத்திக்கலாம்," என்றார் மனைவி.

அடுத்த கார்த்திகையில் மலைப்பிள்ளைகள் இறங்கி வந்தபோது ஐந்து அணிகள் கைகாட்டின. அவற்றுள் ஒன்று இருமுறை. எங்களுக்குக் காட்டக் கையில்லை, வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். நடத்துநர் வழக்கப்படி ஆட்டக்காரர்கள் நிற்கும் கோட்டருகே போய்ச் சற்று நேரம் நின்றார். பிறகு அங்கிருந்து நடந்து வந்து, டிராக்டர்க்காரர் ஒதுங்கிக் கொடுத்த இடத்தில் உட்கார்ந்தார்.