கடலூர்க் காது

இரண்டாயிரத்து ஒன்பதில் எங்கள் வீட்டில் தையல் மிஷின் கிடையாது. ஆனாலும் தெருவில் பாதிப் பேர் என்னைத் தையல்காரி என்றே நினைத்திருந்தார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் நான் உட்கார்ந்து காலால் எதையோ மிதித்துக்கொண்டிருப்பது தெரியும். அது போதாதா? எதிர்வீட்டு அக்கா ஒருநாள் துணியும் அளவு ஜாக்கெட்டுமாக வந்து நின்றார். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, பார்த்ததைப் பேசிப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். அதைக் கேட்டு நான் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுக்கிறேன். இந்தப் பெடலை மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும், இடது ஓரத்தை மிதித்தால் பின்னால் போகும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், அப்படியானால் ஓரமாவது அடித்துத் தர முடியுமா என்றார்.

தொழிலைக் கற்றது சிதம்பரத்தில். அங்கேயே ஒரு சின்ன அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. கடலூரிலிருந்து தினமும் பஸ். சேர்ந்த புதிதில் ஒரு கூத்து அடித்தேன். நோயாளி மறுபடி பெட்டுக்குப் போனார் என்று டாக்டர் சொன்னதை, அவர் தன் வளர்ப்புப் பிராணியிடம் போனதாக டைப் அடித்துவிட்டேன். இங்கிலீஷில் அவை இரண்டு சத்தம். நமக்கு இரண்டும் ஒரே 'ப'தானே! எங்கள் ஃபைல்களைப் பெங்களூரில் உட்கார்ந்து சரிபார்க்கும் அம்மாள் அதற்குக் கீழே 'கடலூர்க் காது' என்று குறிப்பு எழுதி அனுப்பினார். அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பேர் என்மேல் ஒட்டிக்கொண்டது. எனக்கு ரோஷம் ஜாஸ்தி. அடுத்த இரண்டு வருடத்தில் அங்கே என் அளவுக்குத் தப்பில்லாமல் அடிக்கிற ஆள் இல்லை என்று ஆக்கிக் காட்டினேன்.

பிறகு மகள் பிறந்தாள். கணவருக்கு ஷிப்ட் வேலை. மாமியார் விடியற்காலையே துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் விற்று முடித்து வீடு திரும்ப மதியமாகிவிடும். குழந்தையை விட்டுப் போக ஆளில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று மேனேஜரிடம் கேட்டேன். மூன்று மாதம் பார்க்கலாம் என்றார், ஒரு நிபந்தனையோடு: மருந்திலோ அளவிலோ ஒரே ஒரு பெரிய தப்பு வந்தாலும் சிதம்பரத்துக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுவிட வேண்டும். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒத்துக்கொண்டேன். தூளியிலிருந்து ஒரு கயிற்றை இறக்கி என் இடது காலில் மாட்டிக்கொண்டேன். வலது காலில் அமெரிக்கா, இடது காலில் என் மகள். கால் மாறிப்போய் டாக்டரைத் தாலாட்டிய நாளும் உண்டு. இரண்டே முக்கால் மாதம் ஒரு குறையில்லாமல் ஓடியது.

அப்புறம்தான் அந்த மெயில் வந்தது. மூட்டுவலிக்கார வயதான அம்மா ஒருவருக்கு டாக்டர் சொன்ன ஸ்டீராய்டு மாத்திரை ஐம்பது மில்லிகிராமாம். நான் பதினைந்து என்று அடித்திருக்கிறேனாம். பெரிய தப்பு என்று பெங்களூர் அம்மாள் சிவப்பில் போட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் போன் செய்தார். கெட்டவர் இல்லை, தணிந்த குரலில்தான் பேசினார்.

"திங்கக்கெழமலேருந்து ஆபீஸ் வந்துடுங்கம்மா. முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வேற ஆள் பாக்கணும்."

எனக்குக் கோபம் வந்தால் முதலில் பசிக்கும். ஒரு கிண்ணம் சோற்றை நின்றுகொண்டே தின்றுவிட்டு வந்து ஹெட்போனை மாட்டினேன். அந்த இடத்தை ஓடவிட்டேன். மருந்தின் பேர் தெளிவாக இருந்தது. அளவு மட்டும் 'ஃபிஃப்' என்று ஆரம்பித்து, டாக்டர் புரட்டிய காகிதத்தின் சத்தத்தில் போய்விட்டது. ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா? பத்து தடவை கேட்டும் பிடிபடவில்லை. சந்தேகம் வந்தால் கோடு போட்டுக் காலியாக விட்டு டாக்டரிடம் கேட்க வேண்டும், ஒருநாளும் ஊகித்து நிரப்பக்கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். நான் ஏன் காலியாக விடவில்லை? என் விரல்கள் தயங்காமல் பதினைந்தை அடித்திருந்தன. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. சொல்லாததை என் காது தானாகக் கேட்டிருந்தால், பெங்களூர் வைத்த பேர் சரிதானே?

இன்னும் கொஞ்சம் பின்னால் போனேன். வேகத்தைக் குறைத்தேன். மருந்தின் பேருக்கும் அளவுக்கும் நடுவில், மூச்சோடு மூச்சாக ஒரு முணுமுணுப்பு இருந்தது. இத்தனை நேரம் அதை இரைச்சல் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். அது இங்கிலீஷ் இல்லை. 'பதினஞ்சு.'

அந்த டாக்டர் எங்களுக்கு வெறும் ஒரு நம்பர்தான், பேர் தெரியாது. பேச்சும் சுத்த அமெரிக்கப் பேச்சு. ஆனால் கணக்கு வரும்போது மனுஷன் தமிழில் எண்ணியிருக்கிறார்! அப்படித்தானா, இல்லை எனக்கு வேண்டியதை நானே கேட்டுக்கொள்கிறேனா? இன்னொரு காது வேண்டும் போலிருந்தது.

மாமியார் காலிக் கூடையோடு உள்ளே வந்தார். நோயாளி விஷயத்தை வெளியாள் கேட்கக்கூடாது என்பது விதி. பேரோ நோயோ இல்லாத அந்த இரண்டு நொடியை மட்டும் நிறுத்தி வைத்தேன். இருந்தாலும் செய்தது தப்புதான், செய்தேன். ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டேன். ஏலத்தில் காற்றிரைச்சலுக்கு நடுவே பத்துப் பேர் ஒன்றாகக் கத்தினாலும் யார் எத்தனை கேட்டார் என்று பிரித்துச் சொல்கிறவர் அவர். ஒரே தடவைதான் கேட்டார்.

"பதினஞ்சுன்றான்," என்றபடி கழற்றினார். "யார்றீ அது, நம்ம பக்கத்து ஆளா?"

மெயில் எழுதினால் பதில் வர நாளாகும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் சிதம்பரம் போனேன். வழி முழுக்க என்ன பேசுவது என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டே போனேன். மேனேஜர் முன்னால் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது.

"என்ன நம்ப வேணாம் சார். நீங்களே கேளுங்க."

கேட்டார். மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு மெதுவாகச் சிரித்தார். பெங்களூர் அம்மாள் கன்னடக்காரர், அவருக்கு அது தொண்டைக் கமறலாகத்தான் கேட்டிருக்கும் என்றார். ஆனால் தன் காதை வைத்தும் முடிவு செய்ய முடியாது, டாக்டரிடமே கேட்டுவிடலாம் என்று ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். அளவு பதினைந்தா, ஐம்பதா? பதினைந்து என்று தமிழில் கேட்கிறது.

பதில் வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் நான் தைரியமாக இருந்தேன் என்று சொன்னால் அது பொய். மகளை யாரிடம் விடுவது என்று தெருவில் ஒவ்வொரு வீடாக மனதில் நினைத்துப் பார்த்தேன். ஒரு வீடும் தேறவில்லை.

பதினைந்து என்று பதில் வந்தது. சிவப்புக் குறிப்பு போய்விட்டது. அந்த இடத்தில் பெங்களூர் அம்மாள் மறுபடி 'கடலூர்க் காது' என்றே எழுதி, பக்கத்தில் ஒரு வணக்கமும் போட்டிருந்தார். வீட்டிலிருந்தே பாருங்கள் என்றார் மேனேஜர். அதற்குப் பிறகு மூன்று வருடம் பார்த்தேன்.

அடுத்த வாரம் ஒரு மதியம் அதே டாக்டரின் ஃபைல் வந்தது. எல்லா அளவையும் எழுத்துக் கூட்டுவதுபோல் 'ஒன், ஃபைவ்' என்று பிரித்துச் சொல்லியிருந்தார். முடித்த பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. தொண்டையைச் செருமினார். பிறகு தமிழில் பேசினார்.

"டைப் பண்றவங்களுக்கு ஒரு வார்த்த. அந்தப் பதினஞ்சக் கண்டுபிடிச்சது நீங்கதானான்னு தெரியல. ரொம்ப தேங்க்ஸ்மா. எந்த ஊரு நீங்க?"

அவ்வளவுதான், நின்றுவிட்டது. பின்னால் போய் மூன்று தடவை கேட்டேன். கண் நிறைந்துவிட்டது. நோயாளியைப் பற்றியது இல்லை, அதனால் டைப் அடிக்க எதுவுமில்லை. பதில் சொல்லவும் வழியில்லை, அவர் பேச்சு என்னிடம் வரும், என் பேச்சு அவரிடம் போகாது. பெடலிலிருந்து காலை எடுத்தேன்.

"கடலூரு," என்றேன் கம்ப்யூட்டரைப் பார்த்து.

அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த மாமியார் யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டார்.

"அந்தப் பதினஞ்சு ஆளு அத்த. எந்த ஊருன்னு கேக்கறாரு."

"சொன்னியா?"

சொல்லிவிட்டேன் என்றேன். அடுத்த ஃபைலைத் திறந்தேன்.