கெலிஓயா முற்றத்தில் நிழலைத் தொலைத்தவள்

கண்டி மாநகர சபையின் தண்ணீர்ப் பிரிவில் அனற் பதினொரு வருடமாக எழுதுவினைஞர். அவளிடம் வானத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்று மதியச் சோறு ஆறித்தான் கிடைக்கும்! சில பரீட்சைப் புள்ளிகளில் பல்கலைக்கழகம் கை நழுவிப் போனாலும் பௌதிகம் அவளை விட்டபாடில்லை. வியாழனின் நிலவுகளையும் வெள்ளியின் சூட்டையும் கம்பளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டே வாசித்துத் தேறியவள் அவள்.

கெலிஓயாவில் ஒரு தனியார் கல்லூரி. அங்கே விண்வெளி விஞ்ஞான அறிமுக வகுப்பு நடத்த வேண்டும் என்று இரண்டு வருடமாக அதிபர் மயில்வாகனத்தை அரித்தெடுத்துவிட்டாள். யாழ்ப்பாணத்து மனுஷன், லேசில் மசிகிற ஆளில்லை.

“சோதினைக்கு வராத பாடத்தை உவங்கள் படிப்பாங்களோ, பிள்ளை? சரி, ஒரு நாள் தாறன். பெடியள் இருந்து கேட்டா வகுப்பைத் தொடங்கு. எழும்பிப் போனா, இனி உந்தக் கதையோட என்னட்ட வரக்கூடாது.”

அனற் தேர்ந்தெடுத்த நாள் ஏப்ரல் எட்டு. புத்தாண்டு விடுமுறைக்கு முந்திய நாள் வேறு! நாற்பது மாணவர்களும் ஊருக்குப் போகும் பையை முதுகில் மாட்டியபடியே முற்றத்துக்கு வந்தார்கள். நடுவில், சிமெந்து நிரப்பிய தகர டின்னில், ஐந்தடி இரும்புக் குழாய் ஒன்று நின்றது. காலையிலேயே மூலைமட்டம் வைத்து, தரைக்குச் செங்குத்தாக அதை நிறுத்தியிருந்தாள்.

“பன்னிரண்டு பத்துக்கு சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேர் மேல வரும். இந்தக் குழாய்க்கு நிழலே இருக்காது, பாருங்க!”

“பன்னிரண்டுக்குத்தானே மிஸ் நடு மதியம்?” என்றான் மாணவன் முனாப்.

“அது கடிகாரத்துக்கு. நம்ம நாட்டு மணி, நமக்குக் கிழக்கால உள்ள ஒரு தீர்க்க ரேகையை வச்சு ஓடுது. சூரியன் அங்க உச்சிக்கு வந்துட்டுத்தான் இங்க வரும். பூமி சாஞ்சு சுத்துதுல்ல? அதனால மார்ச்சில பூமத்திய கோட்டுக்கு மேல நின்ன சூரியன் தினமும் வடக்க ஏறி ஏறி, இன்னைக்கு நம்ம ஊர் இருக்கிற ஏழு டிகிரிக்கு வந்திருக்கு!”

பன்னிரண்டு எட்டு. நிழல் மூன்று விரல் நீளத்துக்கு அப்படியே கிடந்தது. பன்னிரண்டு ஒன்பது. அசையவில்லை.

“நிழல் கிடக்குதே, பிள்ளை,” என்றார் அதிபர். பின்வரிசையில் இரண்டு பேர் நைசாகக் கேற்றைப் பார்த்து நழுவினார்கள். அனற் கைக்கடிகாரத்தை மறுபடி பார்த்தாள். கணக்குப் பிழையா? மாதாவே, இரண்டு வருட வாய் வீச்சும் இப்படியா மண்ணாய்ப் போக வேண்டும்!

நிழல் விழும் திசையைப் பார்த்தாள். அது நேரே முற்றத்துக் கானைக் காட்டியது. மழை பெய்தால் முற்றத்துத் தண்ணீர் முழுவதும் ஓடி விழுகிற கான்.

அட கடவுளே! முற்றமே சரிவு! மலையிலே பிறந்து மலையிலே நடந்த கண்டிக்காரிக்குச் சரிவெல்லாம் சமதரையாகத்தான் தெரியும். கோணல் தரைக்குச் செங்குத்தாக நட்டால் குழாயும் கோணலாகத்தானே நிற்கும்?

பையைக் கொட்டிச் செபமாலையை எடுத்தாள். குழாயின் உச்சியில் அதைப் பிடித்துத் தொங்கவிட்டாள். மாலை நுனிச் சிலுவை நேர்கீழாகத் தொங்க, அதற்கும் குழாய்க்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி!

“ஓடியாங்க! கான் பக்கமா தகரத்தைத் தூக்குங்க!”

முனாப் தகரத்தைத் தூக்கினான். சஞ்சீவனி என்ற மாணவி உடைந்த ஓட்டுத் துண்டுகளை அடியில் செருகினாள். இன்னொன்று. இன்னும் ஒன்று. குழாய் மாலையோடு ஒட்டி நின்றது. நிழல் சுருங்கிச் சுருங்கிக் குழாயின் காலடிக்குள் போயே போய்விட்டது.

“ஐயோ மிஸ், காணோம்!” சஞ்சீவனி கத்திய கத்தலில் கேற்றடிக்குப் போன இருவரும் திரும்பி ஓடி வந்தார்கள். பைகள் தரையில் விழுந்தன. போத்தலையும் பேனையையும் நட்டுவைத்து அத்தனை பேரும் நிழலைத் தேடினார்கள். அனற் சிரித்தாள், அழுதாள், எது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை. அதிபரும் கையை நீட்டி வைத்து அதன் அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பிடி ஒரு நாள் திரும்ப எப்ப வரும், பிள்ளை?”

“செப்டம்பர்ல, சேர். சூரியன் தெக்க எறங்கிப் போறப்ப.”

“அப்ப செப்டம்பர் வரைக்கும் வகுப்பை நடத்து,” என்றார் மயில்வாகனம். “முன் வாங்கில எனக்கும் ஒரு இடம் வை.”