கழுவி வைத்த குளம்

பாசியை நுண்ணோக்கியில் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஆனால் ஈப்போ ஆய்வுக்கூடத்தின் நாற்காலியில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை. எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், ஆயர் தாவார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து, அங்கே கணக்கெழுதும் கிராணி போன் செய்தார். குளம் பச்சைப் பசேலென்று கிடக்கிறது, அதில் குடித்த மாடு ஒன்று செத்துவிட்டது, அந்த மாட்டுக்கார அக்காவுக்கு இனி ஒரே மாடுதான் மிச்சம் என்றார். சில பாசிகளில் விஷம் உண்டு. எந்தப் பாசி என்று கண்டுபிடித்தால்தான், குளத்துக்கு வேலி போடச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுத முடியும்.

"நாளன்னிக்குக் காலையில வாரேன், எல்லார்கிட்டயும் சொல்லிருங்க" என்றேன். அந்த இரண்டு நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மிச்ச மாடும் குடித்துவிட்டால்?

போய்ப் பார்த்தால் குளத்தில் பாசியின் சுவடே இல்லை. கரைப்புல்லைக்கூடச் செதுக்கியிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். முன்னால் அந்த மாட்டுக்கார அக்கா.

"பாசி எங்கக்கா?"

"நேத்தே அள்ளிட்டோம் சார். கவர்மெண்டு ஆளு வர்றப்ப அசிங்கமா கெடந்தா நல்லாவா இருக்கும்?"

"எங்க கொட்டுனீங்க?"

"பின்னால சுங்கை ஓடுதுல்ல, அந்த ஆத்துல விட்டுட்டோம். அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு."

கத்திவிட்டேன். என்னென்னவோ பேசினேன். இத்தனைக்கும் நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன்தான். தோட்டத்துத் துரை பார்க்க வருகிறார் என்றால் முதல் நாளே கால்வாயைத் தேய்க்க அம்மா என்னை இறக்கிவிடுவாள். வருவதாகச் சொன்னால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? சொல்லாமல் வந்து நின்றிருக்க வேண்டியவன், ஊரைக் கூட்டிச் சொல்லச் சொன்னேன். அந்த எரிச்சலில் இரண்டு போத்தல் தண்ணீரை மொண்டுகொண்டு, மாட்டை இங்கே விடாதீர்கள் என்று சொல்லக்கூட நிற்காமல் வண்டியேறினேன்.

போத்தலில் தெளிந்த தண்ணீர்தான் இருந்தது. 'விஷப்பாசி காணப்படவில்லை' என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது? அதைக் கிராணி லயத்தில் எல்லோரையும் கூட்டிப் படித்துக் காட்டினாராம்.

மூன்று வாரத்தில் மறுபடியும் கிராணியின் போன். யாரிடமும் சொல்லாமல் அன்றைக்கே ஓடினேன். குளம் பச்சையாக இருந்தது. போத்தல் நிறையப் பாசி எடுத்தேன். கரையில் அந்த மிச்ச மாடும் செத்துக் கிடந்தது.

அக்கா அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "தண்ணி நல்லாருக்குன்னு நீங்கதானே சார் எழுதுனீங்க?"