கிணற்றுச் சுவருக்கு வந்த செங்கல்

எங்கள் தெருச் சங்கத்தைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். முத்தியால்பேட்டையில் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். சங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். செய்தார்கள். ராத்திரிக் காவலுக்கு வீட்டுக்கு ஒரு ஆள் முறை வைத்தார்கள். சாக்கடை வாரினார்கள். கல்யாணம் என்றால் அண்டா, ஜமக்காளம், பெட்ரோமாக்ஸ் விளக்கு எல்லாம் சங்கத்துக் கொட்டகையிலிருந்து வரும். சாவு விழுந்தால் பாடைக்கு மூங்கிலும் கயிறும் வரும், தூக்க நாலு பேரும் வருவார்கள். பாதி வீடுகளுக்குச் சொந்தபந்தம் எல்லாம் வெளியூரில், வயலோடு கிடந்தது. சேதி போய் அவர்கள் வந்து சேர்வதற்குள் பிணம் தாங்காது. தெருக்காரன்தான் தோள் கொடுக்க வேண்டும். அந்த நாலு தோளுக்குப் பயந்துதான் சங்கம் சொன்னதற்கெல்லாம் எல்லோரும் தலையாட்டினார்கள்.

சங்கத் தலைவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு பிள்ளைகளும் பிரான்சில் இருந்தார்கள். கூட்டத்தில் பேச்சு முற்றினால் கைத்தடியால் தரையைத் தட்டி "சிலான்ஸ்!" என்று பிரெஞ்சில் ஒரு அதட்டல் போடுவார். தெருநாய்கூட வாலைச் சுருட்டிக்கொள்ளும்.

ஐம்பத்து நாலாம் வருடத்து ஐப்பசி மழையில் தெருக் கிணற்றின் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் சரிந்து உள்ளே விழுந்தது. தெருவுக்கே அந்த ஒரு கிணறுதான். சங்கம் உடனே மாட்டுவண்டியில் செங்கல் கொண்டுவந்து இறக்கியது. அதுவரைக்கும் சரிதான். அந்த ஐப்பசியிலேயேதான் ஊரில் கொடியும் மாறியது. பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியது. தெருத் தெருவாகக் கொடியேற்றினார்கள். எங்கள் தெரு மட்டும் இளைத்ததா? கிணற்றுக்கு வந்த செங்கல்லை எடுத்து, கிணற்றுக்கு எதிரிலேயே ஒரு மேடை கட்டிவிட்டார்கள். களிமண் வைத்து அடுக்கி, சுற்றிலும் காவி, வெள்ளை, பச்சை என்று சாயச் சுண்ணாம்பு அடித்தார்கள். பிரெஞ்சுக்காரன் பென்ஷனைத் தின்றுகொண்டே சொல்தா அதில் ஏறி நின்று கொடிக்குச் சலாம் வைத்தார்.

என் அப்பா ஆலையில் தறி ஓட்டியவர். அதிகம் பேசாத மனுஷர். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டாராம்.

"மேட இல்லன்னா எவனும் சாவ மாட்டான். செவுரு இல்லன்னா சாவான். மொதல்ல எதக் கட்டணும்?"

"பொங்கல் விழா முடியட்டும்பா. மேடையப் பிரிச்சி அதே கல்ல அங்க வெச்சிடலாம். கெணறு எங்க ஓடிடப் போவுது?" என்றார் சொல்தா.

"கெணறு ஓடாது. புள்ளைங்க ஓடுது."

"சிலான்ஸ்!"

அப்பா அதோடு கிளம்பி வந்துவிட்டார். சுவர் எழும்பும்வரை காவலுக்கும் வர மாட்டேன், சாக்கடை வாரவும் வர மாட்டேன் என்று சொல்லியனுப்பினார். தன் பங்குக்கு இரண்டு மூங்கிலை வாங்கிவந்து, இடிந்த பக்கத்தில் குறுக்கே வைத்துக் கட்டினார்.

கார்த்திகை முடிவதற்குள் சங்கம் எங்களைத் தள்ளிவைத்தது. எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குத் தெருவில் யாரும் போகக்கூடாது, தெரு விழாவில் எங்கள் வீட்டு ஆள் நிற்கக்கூடாது. செயலாளர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா ஆடிப்போனாள். அப்பாவுக்குப் பஞ்சுத் தூசியால் ஓயாத இருமல். ஒவ்வொரு இருமலுக்கும் அம்மா இதையே சொல்வாள்.

"நாளைக்கி உனக்கு ஒண்ணு ஆச்சின்னா தூக்க எவன் வருவான்? போய் அந்தாளு கால்ல விழுந்துட்டு வாயேன்யா."

"செத்தப்பறம் எனக்கு இன்னா தெரியப் போவுது? எவனும் வரலன்னா நீயே இழுத்துட்டுப் போ" என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மார்கழி முழுக்க எங்கள் வீட்டில் அதே பேச்சுத்தான். அப்பாவைத் தூக்க யார் வருவார்கள்?

காணும் பொங்கல் அன்று விழா. ஆலைக்கு லீவு இல்லை, அப்பா காலையிலேயே போய்விட்டார். அம்மா எங்களை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். எனக்குப் பன்னிரண்டு வயது, ரோஷம் வந்துவிட்டது, நானும் எட்டிப் பார்க்கவில்லை. என் தங்கைக்கு நாலு வயது. அவளுக்குச் சங்கமாவது, தள்ளிவைப்பதாவது! பொய்க்கால் குதிரை வருகிறது என்று நாலு நாளாகத் தெருப்பிள்ளைகள் அவள் காதில் ஊதியிருந்தார்கள். ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்பைப் பார்த்த நேரத்தில் தங்கை பின்பக்கமாக நழுவிவிட்டாள்.

மேடைக்கு முன்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அவள் போனாளாம். யாரோ ஒரு மகராசன், "உங்க வூட்டுப் புள்ள இங்க குந்தக் கூடாது, போ" என்று எழுப்பி விட்டிருக்கிறான். பெரியவர்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து அவளுக்கு என்ன தெரியும்? எதிரில் கிணறு. இடிந்த பக்கம் ஏறி நிற்க வாகாகப் படி மாதிரி இருந்தது. அப்பா கட்டிய மூங்கில்? பந்தலுக்குக் கால் குறைகிறது என்று அன்று காலையில்தான் அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள்.

விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. மேளமும் சலங்கையும் அப்படி. குடத்தோடு வந்த ஒரு பெண் உள்ளே பார்த்துக் கத்தியபோதுதான் ஆட்டம் நின்றது. இரண்டு பேர் உடனே குதித்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். மேலே கொண்டுவந்து, காய்ந்த இடம் என்று அந்த மேடைமேல்தான் கிடத்தினார்கள். வயிற்றை அமுக்கினார்கள், தலைகீழாகப் பிடித்தார்கள். பொய்க்கால் குதிரைக்காரன் காலில் கட்டையோடு நின்று தேம்பித் தேம்பி அழுதான். அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடியதும் நான் பின்னால் ஓடியதும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எதுவுமே நினைவில்லை.

ஆலைக்கு ஆள் போய் அப்பா வந்தார். கூட்டம் வழி விட்டது. சொல்தா தடியைக் கீழே போட்டுவிட்டார்.

"எல்லாத்தையும் மறந்துடுப்பா. தள்ளிவெச்சத எடுத்தாச்சி. மூங்கில் எடுத்தாரச் சொல்லிட்டேன். தெருவே வரும், நாங்க தூக்கறோம்."

அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேடையில் குனிந்து தங்கையின் நெற்றியில் ஒட்டிக்கிடந்த முடியை ஒதுக்கினார்.

"நாலு வயசுக் கொழந்தைக்கி நாலு பேரு எதுக்குங்க? நானே தூக்கிப்பேன்."

பொழுது சாய்வதற்குள் குளிப்பாட்டிப் பொட்டு வைத்தோம். அப்பா தன் வெள்ளை வேட்டியில் அவளைச் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டார். தெரு ஆண்கள் எல்லோரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் நின்றார்கள். கூட நடக்க ஒருத்தனுக்கும் தைரியம் வரவில்லை. இருமிக்கொண்டே அப்பா தனியாக இடுகாட்டுப் பக்கம் போனார். இருமல் வந்தபோதெல்லாம் தூங்குகிற குழந்தை முழித்துவிடுமோ என்பதுபோல அவள் முதுகைத் தட்டினார். வாசலில் நின்று அதைப் பார்த்த என் கண் அன்றைக்கே அவிந்திருக்கலாம்.

ஒரு வாரத்தில் சுவர் எழும்பிவிட்டது. மேடையைப் பிரித்து அதே கல்லைத்தான் வைத்தார்கள். சாயத்தைச் சுரண்டக்கூட இல்லை. இங்கே ஒரு காவிக் கல், அங்கே ஒரு பச்சைக் கல். அம்மா தினமும் அந்தக் கல்மேல் குடத்தை வைத்துத்தான் தண்ணீர் சேந்தினாள். வேறு கிணறு எங்கே இருந்தது? அப்பா காவலுக்கும் போகவில்லை, கூட்டத்துக்கும் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

அறுபத்திரண்டில் சொல்தா செத்தார். நான் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அவருடைய பிள்ளைகள் பிரான்சிலிருந்து வர முடியாது. தெருவில் வாட்டசாட்டமான ஆண்கள் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள், மிச்சம் கிழடுகள். செயலாளர் எங்கள் வாசலில் வந்து நின்றார், ஏழு வருடத்துக்குப் பிறகு.

"மூணு பேரு இருக்கோம்ணே. ஒரு தோளு கொறையுது."

வெளக்கமாத்தை எடுக்கத்தான் கை போயிற்று. அதற்குள் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

திரும்பி வந்து கிணற்றடியில் தலை முழுகினார். ஈரத்தோடு உள்ளே வந்தவரைப் பிடித்துக்கொண்டேன்.

"வெக்கமா இல்லியாப்பா உனக்கு? அந்தாளயா தூக்கினே? நம்ம பாப்பாவ மறந்துட்டியா?"

அப்பா இருமி முடிக்கும்வரை நின்றேன்.

"மறந்திருந்தா போயிருக்க மாட்டேம்மா. ஒருத்தனே தூக்கிட்டுப் போனா அந்த எடம் எவ்ளோ தூரம்னு எனக்குத் தெரியும்."

அப்பா உட்கார்ந்தார். மூங்கில் அழுத்தியதில் அவருடைய வலது தோள் கன்றிச் சிவந்திருந்தது. தங்கை தலை சாய்த்திருந்ததும் அந்தத் தோளில்தான். அம்மா அதைப் பார்த்தாள். அப்பாவுக்குத் தோள் வலி என்றால் எப்போதும் எண்ணெய்க் கிண்ணத்தோடு வருகிறவள், அன்றைக்கு அந்தத் தோளைத் தொடாமல் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டாள்.