ரேடியேற்றர் மாற்றி மாமாவை இரத்மலானைக்குக் கொண்டுபோன கதை

இந்தத் தளத்தில் வழக்கமாக நுவரெலியா, கதிர்காமம் என்று தூரப் பயணங்களை எழுதுகிறவன் நான். இந்த முறை கொழும்பைத் தாண்டவில்லை. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை பத்து கிலோமீற்றர், அங்கிருந்து இரத்மலானை விமான நிலையம் பதினாறு கிலோமீற்றர். மொத்தம் இருபத்தாறு. சிரிக்காதீர்கள், போன மாதம் ஒரு புதன்கிழமை இதை ஓடி முடிக்க எனக்கு ஐந்து மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் எடுத்தது. வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே வாகனம் ஓட்ட நினைப்பவர்களுக்கும், யாழ்ப்பாணத்துக்கு ஆளனுப்ப இருப்பவர்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆட்கள் காணாமல் போகிற இந்த 2007இல், ஏன் மாற்றினேன் என்று ஒருவரும் கேட்க மாட்டீர்கள்.

பயணத்தின் காரணம் என் மாமா, அதாவது மனைவியின் அப்பா. யாழ்ப்பாணத்தில் சைக்கிளால் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டு சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு வந்தவர். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கட்டு, காலை மடக்க முடியாது. எங்கள் வீடு நாலாம் மாடி, லிப்ற் இல்லை. அதனால் கொட்டாஞ்சேனையில் தெரிந்த ஒருவரின் லொட்ஜில், கீழ்த்தளத்து அறையில் இரண்டு மாதம் இருந்தார். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை சண்டையால் மூடியபடியே கிடக்கிறது. மாமி அங்கே தனியே. அவர் விமானத்தில் திரும்பிப் போவதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி, எங்கள் ஆட்கள் வாயில் கிளியரன்ஸ், அந்தப் புதன்கிழமைக்கு மட்டும்தான் கிடைத்திருந்தது. பகல் ஒன்றரைக்குள் கவுண்டரில் நிற்க வேண்டும். தவறினால் திரும்பவும் விண்ணப்பிக்க வேண்டும். போன தடவை அதற்கு ஐந்து கிழமை எடுத்தது.

காலை 7.40க்கு வெள்ளவத்தையில் புறப்பட்டேன். வாகனம் பதினேழு வயதான ஜப்பான் டீசல் ஜீப். பின் சீற்றைச் சாய்த்தால் மாமா காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வரலாம், அதுதான் அதன் பெருமை. மனைவி பத்திரங்களோடு பஸ்ஸில் நேரே இரத்மலானைக்குப் போய் வரிசையில் நிற்பதாக ஏற்பாடு. காலி வீதியில் இரண்டு சோதனைச்சாவடி, கொள்ளுப்பிட்டியில் சுற்றிப்போகச் சொன்னார்கள். எஞ்சின் சூடு காட்டும் முள் கோட்டையடியில் பாதிக்கு மேல் ஏறியது. வழக்கம்போல எஞ்சின் சூட்டை உள்ளே இழுக்க ஹீற்றரைப் போட்டுவிட்டு, வேர்த்து வழிந்துகொண்டு ஓட்டினேன். பழைய ஜீப்காரருக்கு இந்த வைத்தியம் தெரியும். வைத்தியம் நோயாளியைப் பொறுத்தது.

8.50க்கு, லொட்ஜுக்கு நானூறு மீற்றர் இருக்கையில் பொனற்றுக்குள்ளிருந்து வெள்ளையாய் ஆவி கிளம்பியது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். கீழே பச்சைத் தண்ணீர் ஒழுகி ஓடியது. பக்கத்து ஒழுங்கையில் கராஜ் வைத்திருக்கும் கபூர் நானாவை (முஸ்லிம் அண்ணர்மாரை இங்கே நானா என்போம்) ஒரு கடைக்காரர் கூட்டிவந்தார். அறுபது வயதிருக்கும், மெலிந்த மனிதர். சூடு தணியும்வரை மூடியில் கைவைக்க விடவில்லை. பிறகு விரலால் தடவிக் காட்டினார்: ரேடியேற்றரின் மேல்தொட்டி பிளாஸ்ரிக், அதில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு.

"ஒட்டலாமா நானா? இரத்மலானை மட்டும் போனாப் போதும்."

"ஒட்டினா தெஹிவள வரைக்கும் போவும். பொறகு நீங்க தள்ளிட்டுப் போவணும்" என்றார். "புதுசு போடுங்க. ஹோஸ் ரெண்டும், மூடியும், தேர்மோஸ்ரற்றும் சேத்து வாங்குங்க. புது ரேடியேற்றருக்குப் பழைய ஹோஸ் போட்டா அடுத்தது அது வெடிக்கும்."

ஜீப் அவருடைய ஒழுங்கைக்குள் நுழையாது. கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு வீதியிலேயே வந்து கழற்றுவதாகவும், அதற்குள் நான் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய்ச் சாமான் வாங்கி வரவேண்டும் என்றும் சொன்னார். ஆட்டோவில் மாமாவை ஏற்ற முடியாது. லொட்ஜ்காரர் இரண்டு வான்காரரைக் கேட்டுப் பார்த்தார். கட்டுப்போட்ட கால், யாழ்ப்பாண அடையாள அட்டை, வழி நெடுகச் சோதனை என்றதும் இரண்டு பேரும் நழுவிவிட்டார்கள். ஆகவே ஜீப் ஓடினால்தான் மாமா போவார்.

இப்போது நான் விட்ட பிழை. கொழும்பில் வாகனத்தை நிறுத்திவிட்டுப் போகிறவர் முன்கண்ணாடியில் பெயரும் போன் நம்பரும் எழுதிய துண்டை வைக்க வேண்டும் என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். குண்டுப் பயம். நானும் துண்டு வைத்தேன், ஆனால் நம்பரை மட்டும். பெயரை எழுதினால் தமிழன் வாகனம் என்று வீதியெல்லாம் விளம்பரம் செய்தது போல ஆகிவிடும் என்று ஒரு புத்திசாலித்தனம். பிறகு ஆட்டோ பிடித்துப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். இரண்டு கிலோமீற்றர், நூற்றைம்பது ரூபா.

மூன்றாவது கடையில் ரேடியேற்றர் கிடைத்தது. பதினான்காயிரம். அளவு பார்க்க நானா கழற்றித் தந்த பழைய மூடியையும் ஹோஸ் துண்டையும் கொண்டுபோனது நல்லதாய்ப் போயிற்று. பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர், எடுக்கவில்லை. திரும்ப அடித்தது, எடுக்கவில்லை. ஆறு தடவை அடித்தது. கடைசியில் சத்தத்தை நிறுத்தி சேர்ட் பொக்கற்றில் போட்டேன். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு இது விளங்கும். கப்பம் கேட்கிறவன் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. எங்கள் மாடியில் நாலு வீட்டில் மூன்று வீட்டுக்காரர் தெரியாத நம்பரைத் தொட மாட்டார்கள்.

10.35க்குப் போனை எடுத்துப் பார்த்தபோது மாமாவிடமிருந்து இரண்டு அழைப்பு இருந்தது. உடனே அவருக்கு அடித்தேன்.

"தம்பி, எங்க நிக்கிறியள்? ரோட்டில ஒரு ஜீப்புக்குக் கிட்ட ஒருத்தரையும் விடுகினமில்லையாம், பொலிஸ் வந்து மூடிப்போட்டினமாம். எங்கட ஜீப்போ?"

ஒரு ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரரிடம் ஒன்றும் சொல்லாமல் ரேடியேற்றர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீதி மூடிய இடத்தில் இறக்கிவிட்டார். நான் செய்த இரண்டாவது மடத்தனம் அங்கே நடந்தது: சந்தேகத்துக்குரிய வாகனத்தை நோக்கி, கையில் பாரமான பெட்டியோடு ஓடினேன்.

"நவத்தின்ன!" நில் என்று ஒரு ஆமிக்காரன் சிங்களத்தில் கத்தினான். துவக்கு என்னைப் பார்த்தது. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன்.

வீதியை மறித்துக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கத்தில் கபூர் நானா பொலிஸ் இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் நின்றார். என்னைக் காட்டிச் சிங்களத்தில், இவர்தான், கையில் இருப்பது ரேடியேற்றர் என்று சொன்னார். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தேன். அடையாள அட்டை, கொழும்பில் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுப் பத்திரம், கடை பில், எல்லாம் பார்த்தார்கள். நடந்தது இதுதான்: பொனற் திறந்தபடி, கீழே தண்ணீர் ஒழுக, பெயரில்லாத ஒரு ஜீப். யாரோ பொலிஸுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் துண்டில் இருந்த நம்பருக்கு அடித்தார்கள். நான் எடுக்கவில்லை. குண்டு செயலிழக்கச் செய்கிறவர்களுக்கு அறிவித்துவிட்டார்கள். அவர்கள் வந்தால் கண்ணாடி, கதவு, ஒன்றும் மிஞ்சாது. வேலையை முடித்துக்கொண்டு வந்த நானா, எஞ்சினைத் தன் கையாலே பார்த்ததாகச் சொல்லி, தன் அடையாள அட்டையை இன்ஸ்பெக்டரின் கையில் கொடுத்துவிட்டு நின்றிருக்கிறார். ஏதும் நடந்தால் தன்னைப் பிடிக்கச் சொல்லி. என் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார், "போன் ஏன் எடுக்கவில்லை?"

"தெரியாத நம்பர் சேர். பயம்."

"அப்படியென்றால் நம்பர் எழுதி வைத்தது எதற்கு?"

அவர் இரண்டு அட்டைகளையும் திருப்பித் தந்துவிட்டு, பெயரையும் எழுதிவை என்று மட்டும் சொன்னார். மணி 11.10.

நானாவிடம் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "அதெல்லாம் பொறகு. அந்த ஸ்பானரப் புடிங்க" என்றார். பழையதைக் கழற்ற அரை மணி. புதியதைப் பொருத்தி, இரண்டு ஹோஸும் தேர்மோஸ்ரற்றும் மாற்றி, தண்ணீரும் கூலன்றும் ஊற்றும்போது 12.10. மனைவி இரத்மலானையிலிருந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருதரம் போன் அடித்துக்கொண்டிருந்தாள். "எங்க நிக்கிறீங்கள்? கெதியா வாங்கோ, அவங்கள் ஒரு நிமிஷமும் பாக்க மாட்டாங்கள்." நான் மூடியைப் போட்டுப் புறப்படலாம் என்றேன். நானா மூடியைத் தன் சாரத்து மடிப்பில் செருகிவிட்டு எஞ்சினை ஓடவிட்டார்.

"காத்து போவணும் தம்பி. உள்ளுக்குக் காத்து நிண்டா புதுசும் ஒண்டுதான், பழசும் ஒண்டுதான்."

குமிழி அடங்கும்வரை பதினைந்து நிமிடம் இரண்டு பேரும் ரேடியேற்றர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கூலியாக இரண்டாயிரம் கேட்டார், அதற்கு மேல் கொடுத்ததை வாங்கவில்லை.

12.35க்கு லொட்ஜ்காரரும் நானும் மாமாவைத் தூக்கி ஏற்றினோம். கோட்டை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை. நாலு இடத்தில் மறித்தார்கள். ஒரு இடத்தில் கட்டுப்போட்ட காலைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். "நல்லாத் தட்டுங்கோ, உள்ளுக்கு எலும்பு மட்டும்தான்" என்று மாமா தமிழில் சொன்னார். நல்லகாலம், தட்டிய ஆமிக்காரனுக்குத் தமிழ் விளங்கவில்லை. முள் பாதிக்குக் கீழே அசையாமல் நின்றது. 1.20க்கு இரத்மலானை. பத்து நிமிடம் மிச்சம். ஸ்ரியறிங்கில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிச் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது: பத்து வயதுக்கு மேற்பட்ட ஜீப் என்றால் ரேடியேற்றரின் மேல்தொட்டியைப் பயணத்துக்கு முதல்நாள் பாருங்கள், ஹீற்றரை நம்பிப் போகாதீர்கள். பஞ்சிகாவத்தைக்கு மாதிரித் துண்டு கொண்டுபோங்கள். கண்ணாடித் துண்டில் பெயரையும் எழுதுங்கள். வாகனம் வீதியில் நிற்கும் நேரத்தில் எந்த நம்பர் அடித்தாலும் எடுங்கள். இரத்மலானைக்குப் பயணிப்பவர் அடையாள அட்டை, கிளியரன்ஸ் மூலப்பிரதி, இரண்டு நிழற்பிரதி கொண்டுபோக வேண்டும். வழியனுப்புகிறவர்களைக் கவுண்டர் வரை விடுகிறார்கள், அதற்கு அப்பால் இல்லை.

அந்தக் கவுண்டரில் ஒரு பெண்பிள்ளை படிவம் நிரப்பினாள். திரும்பி வரும் திகதி என்ன என்று கேட்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிடவும் அனுமதி எடுக்க வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதனால் எல்லாரும் உத்தேசமாக ஒரு திகதி போடுவார்கள். மாமா, "வேண்டாம் பிள்ளை. திரும்பி வரேல்லை" என்றார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "அம்மாவை விட்டுட்டு நான் இனி வரமாட்டன். அவளும் வெளிக்கிடமாட்டாள்" என்றார். மனைவி அவருடைய சேர்ட் கொலரைச் சரிசெய்தாள். சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் கையைக் காட்டினார், கதவு மூடியது.

திரும்பும்போது ஜீப் அருமையாக ஓடியது. தெஹிவளைப் பாலம் தாண்டினோம். காலை முழுக்கப் போனில் என்னைக் கெதியாக வா, கெதியாக வா என்று விரட்டியவள், வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"அந்த நானா இன்னும் பத்து நிமிஷம் மெதுவாச் செய்திருக்கலாம்."