குட்டைக்கைப் பிடி

மாமாவின் கல்யாணத்தை நான் கெடுத்த கதையை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. நான் செய்த மற்ற அழிச்சாட்டியங்களை எல்லாம் விருந்தாளி வந்தால் ஒன்றுவிடாமல் எடுத்துவிடுவார்கள். இதை மட்டும் தொடமாட்டார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. தூத்துக்குடியில், துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் கிளார்க். அப்பா கப்பல் வேலைக்குப் போனால் எட்டு ஒன்பது மாதம் கழித்துத்தான் முகத்தைப் பார்க்க முடியும் என்பதால் மாமா எங்களோடுதான் இருந்தார். அவருக்கு அப்போது இருபத்தொன்பது வயது. எனக்கு ஒன்பது.

மாமாவின் வலது கை, இடது கையைவிட இரண்டு அங்குலம் குட்டை. சின்னப் பிள்ளையில் முழங்கை ஒடிந்து, கட்டுப் போட்டது சரியாக அமையாமல், கை வளர்ச்சி நின்றுவிட்டது. அந்தக் கையால் எழுதுவார், பைக் ஓட்டுவார், என்னைத் தூக்கிச் சுற்றுவார். எதற்கும் குறைவில்லை. ஆனால் பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் மாமாவுக்கு முன்னால் அந்த இரண்டு அங்குலம்தான் போய் உட்கார்ந்துகொண்டது. நாலு இடம் தட்டிப்போன பிறகு அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். இனிமேல் முழுக்கைச் சட்டைதான். வலது கையையும் இடது அளவுக்கே தைக்க வேண்டும். பாதி உள்ளங்கை மூடிப்போனாலும் பரவாயில்லை. பேச்சு கூடிவருகிற நேரம் பார்த்து, விஷயத்தைத் தானே பக்குவமாகச் சொல்லிக்கொள்வதாக அம்மா சொன்னாள். மாமா சரி என்றார். அம்மா சொன்ன எதையும் அவர் மறுத்து நான் பார்த்ததே இல்லை.

அந்த வருஷம் கம்பெனிக்குப் புதிதாக வந்த மானேஜருக்குக் கோல்ஃப் பைத்தியம். எங்கள் ஊர் உப்புக் காற்றில் புல் எங்கே வளரும்? மனுஷன் அசரவில்லை. ஆபீசுக்குப் பின்னால் ஒரு பச்சை விரிப்பைப் போட்டு, அதன் கோடியில் ஒரு குழி வைத்து, கம்பெனியின் குடும்ப விழா அன்று ஊழியர்களுக்குப் போட்டி என்று சொல்லிவிட்டார். பந்தைத் தூக்கி அடிக்க வேண்டியதில்லை. தரையோடு உருட்டிக் குழியில் விழவைத்தால் போதும். ஆளுக்கு ஐந்து பந்து.

ஒரு நாள் சாயங்காலம் மாமா உள்ளே வந்ததும் வராததுமாக, மானேஜர் பட்டரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார் என்றார். அப்பாவின் ஊர் பெருமாள் கோயில் ஊர். பட்டர் என்றால் எனக்குத் தெரிந்தது தீர்த்தமும் துளசியும் தருகிற பட்டர்தான். அவரை எதற்கு மானேஜர் நம் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். ஒருத்தரையும் காணோம். மாமா கையில் இருந்த, கோல்ஃப் பந்தை உருட்டுகிற இரும்புத் தடிக்குத்தான் பட்டர் என்று பேராம். அம்மா அன்றைக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

கூடத்தில் கோரைப்பாயை விரித்து, எவர்சில்வர் தம்ளரைப் படுக்கப்போட்டுப் பழகினோம். பழகினோம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு; பந்து பொறுக்கியது நான்தானே. எல்லாரும் பிடிக்கிறபடி இடது கையை மேலேயும் வலது கையைக் கீழேயும் வைத்தால், குட்டைக் கை கீழே எட்டுவதற்காக மாமாவின் வலது தோள் இறங்கி முன்னால் வந்துவிடும். பந்து ஒவ்வொரு தடவையும் இடது பக்கமாக ஓடிச் சுவரில் முட்டும். கட்டிலுக்கு அடியில் புகுந்து புகுந்து எடுத்து எனக்கு அலுத்துப்போயிற்று. நெட்டைக் கையைக் கீழே வையுங்கள், குட்டைக் கை மேலே இருக்கட்டும் என்றேன். சும்மா, எரிச்சலில் சொன்னதுதான். மாமா மாற்றிப் பிடித்தார். இரண்டு தோளும் தராசுத் தட்டு மாதிரி சமமாக நின்றன. பந்து நேராகப் போய்த் தம்ளரில் டங்கென்று விழுந்தது. அன்று முதல் அதற்குக் குட்டைக்கைப் பிடி என்று பேர் வைத்தேன். தலைகால் புரியவில்லை எனக்கு. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினவள் மாதிரி வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். அம்மாவுக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது தரகர் வந்தார். ஏரல் பக்கத்தில் ஒரு பெண். ஜாதகம் எல்லாம் பொருந்திவிட்டது. நாம் சம்பிரதாயமாகப் பெண் பார்க்கப் போவதற்கு முன்னால், பெண் வீட்டார் கம்பெனி விழாவுக்கு வந்து மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது, உடனே வாடவும் செய்தது. தரகர் போனதும், போட்டியில் எல்லாரையும் போலப் பிடித்தே விளையாட வேண்டும் என்று மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மாற்றிப் பிடித்தால் ஏன் என்று யாராவது கேட்பார்கள். தோற்றால் போகிறது. மாமா அதற்கும் சரி என்றார். அடுத்து அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஏளா, மாமா கையப் பத்தி அங்கன வாயத் தொறக்கப்படாது. கேட்டியா?"

நான் தலையை ஆட்டினேன். என் மூளைக்கு எட்டியது இவ்வளவுதான்: வெளியே தெரிந்தால் ஆபீஸ்காரர்கள் நம்முடைய பிடியைக் களவாண்டுவிடுவார்கள். நான் கண்டுபிடித்ததை மற்றவன் எடுத்துக்கொள்ள விடுவேனா?

விழாவில் அந்த ஏரல் அக்காவையும் அவளுடைய அப்பாவையும் எங்கள் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அக்கா என் அவிழ்ந்த ரிப்பனைத் தானாகவே எடுத்துக் கட்டிவிட்டாள். எத்தனாம் வகுப்பு என்று கேட்டாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. மாமா பெயரைக் கூப்பிட்டபோது, ஐந்தில் இரண்டுக்கு மேல் யாரும் போட்டிருக்கவில்லை. மாமா முழுக்கைச் சட்டையோடு வந்து நின்றார். முதல் பந்து இடது பக்கம் ஓடியது. இரண்டாவதும் அப்படியே. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. ஓட்டைவாய் என்று அம்மா என்னைச் சும்மாவா சொல்லுவாள்? நாற்காலியில் ஏறி நின்று கத்திவிட்டேன்.

"மாமா, குட்டக்கைப் பிடி! நெட்டக் கையக் கீழ வைங்க!"

மாமா நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு அந்த அக்காவைப் பார்த்தார். பிள்ளை ஏதோ உளறுகிறது என்று சிரித்துச் சமாளித்திருக்கலாம். அவர் தடியைக் காலில் சாய்த்துவைத்து, வலது சட்டைக்கையின் பித்தானைக் கழற்றி முழங்கை வரைக்கும் மடித்தார். இடது கையையும் மடித்தார். இரண்டு கையும் எல்லாருக்கும் தெரிந்தது. பிறகு மாற்றிப் பிடித்துக்கொண்டு மூன்று பந்துகளை வரிசையாக உருட்டினார். மூன்றும் விழுந்தன.

நான் குதித்தேன். அக்காவும் கை தட்டினாள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அவள் கை தட்டினாள். அவளுடைய அப்பா அவள் கையின் மேல் தன் கையை வைத்தார். தட்டல் நின்றது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்தார். மாமா பரிசாக வாங்கிய ஹாட்பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீடு வரைக்கும் நான் ஒருத்திதான் பேசிக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் நாள் தரகர் வந்து, நட்சத்திரம் ஒத்துவரவில்லையாம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அம்மா விறுவிறுவென்று என்னிடம் வந்து கையை ஓங்கினாள். மாமா இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. குரலும் உயரவில்லை.

"அவள அடிக்காதக்கா. சின்னப் பிள்ள. அன்னைக்கு நீயும் சின்னப் பிள்ளதான?"

ஓங்கிய கை அப்படியே இறங்கிற்று. அம்மா அடுப்படிக்குள் போய்த் தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

ஆற்றுப் படித்துறையில் மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வழுக்கி விழுந்தது அம்மாதான் என்பது, பல வருஷம் கழித்து ஒரு சாவு வீட்டில் சொந்தக்காரி ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அம்மாவுக்கு ஒன்பது வயதாம். அத்தனை வருஷமும் மாமா அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்கு அடி விழாமல் இருப்பதற்காக ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு பெண் பார்க்கப் போக அவர் சம்மதிக்கவில்லை. அம்மாவும் வற்புறுத்தவில்லை. மாமா இன்றைக்கும் தனியாகத்தான் இருக்கிறார்.

அன்று எனக்கு இது ஒன்றும் தெரியாது. அம்மா அன்னைக்கு என்ன செய்தாள் என்று மாமாவிடம் கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை, நீ போய் அம்மா பக்கத்தில் உட்கார் என்றார். போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். அடுத்த வருஷமும் மாமாதான் ஜெயிப்பார், அழாதே என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன்.